அப்பா சொத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டா?

பெரியவர் காலமாகி 16-ம் நாள் காரியம் முடிந்துவிட்டது. பந்தி முடிந்து உறவினர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போகிறார்கள். கட்டிக்கொடுத்த பெண் மட்டும் அம்மாவுக்குத் துணையாக இன்னும் இரண்டு நாள் தங்கி இருக்கிறாள்.

அப்போது அண்ணன் வருகிறான்.

"பட்டா மாற்ற வேண்டும், தங்கச்சி. நாளைக் காலையில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போ" என்கிறான்.

"என்ன பத்திரம், அண்ணே?"

"எல்லாம் வழக்கமான பத்திரம்தான்."

மறுநாள் அவள் போகிறாள். கையெழுத்துப் போடுகிறாள். கைரேகை வைக்கிறாள். அண்ணன் பஸ் ஏற்றி விடுகிறான். மடியில் ஒரு பை தேங்காயும் கொஞ்சம் பணமும் இருக்கிறது.

அவள் கையெழுத்துப் போட்டது விடுதலைப் பத்திரம். "என் தகப்பனார் சொத்தில் எனக்குள்ள பாத்தியத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன்" என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது!

இது எந்த ஊரில் நடந்தது என்று கேட்காதீர்கள். எந்த ஊரில் நடக்கவில்லை?

அவள் விட்டுக்கொடுத்தது எவ்வளவு? அவளுக்கே தெரியாது. சட்டம் மாறிய கதையும், கோர்ட்டுகள் சொன்ன தீர்ப்புகளும் தெரிந்தால்தான் அந்தக் கணக்குப் புரியும். முதலில் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

6 ஏக்கர் கணக்கு

ஒரு குடும்பத்துக்குப் பூர்வீக நிலம் 6 ஏக்கர். அப்பா, இரண்டு பையன்கள், ஒரு பெண். அம்மா முன்பே காலமாகிவிட்டார். அப்பா 1980-ம் ஆண்டில் உயில் எழுதாமல் இறந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் காலச் சட்டப்படி பூர்வீகச் சொத்தில் ஆண் பிள்ளைக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. பெண்ணுக்குக் கிடையாது. ஆகவே அப்பாவுக்கு 2 ஏக்கர், பையன்களுக்கு ஆளுக்கு 2 ஏக்கர் என்று முதலில் பிரிப்பார்கள். பிறகு அப்பாவின் 2 ஏக்கரை மட்டும் மூன்று பிள்ளைகளுக்கும் பிரிப்பார்கள். அதில் ஆளுக்குச் சுமார் 67 சென்ட்.

முடிவு என்ன? பையன்களுக்கு ஆளுக்கு 2 ஏக்கர் 67 சென்ட். பெண்ணுக்கு வெறும் 67 சென்ட்!

இதே அப்பா 2010-ம் ஆண்டில் காலமாகி இருந்தால், மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 2 ஏக்கர். 67 சென்ட் எங்கே, 200 சென்ட் எங்கே!

நடுவே நடந்தது என்ன?

அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு!

1956-ம் ஆண்டு ஜூன் 17-ந்தேதி இந்து வாரிசுச் சட்டம் அமுலுக்கு வந்தது. அப்பா தன் கையால் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு என்று அந்தச் சட்டம் சொன்னது. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பூர்வீகச் சொத்தில் பழைய வழக்கத்தைத் தொடவில்லை. குடியிருக்கும் வீட்டிலும் ஒரு முடிச்சு போட்டு வைத்தார்கள். ஆண் மக்கள் பிரித்துக்கொள்ள முன்வந்தால் ஒழிய, "வீட்டைப் பிரித்துக் கொடு" என்று பெண் கேட்க முடியாது!

1929-ம் ஆண்டில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக 60 ஆண்டுகள் பிடித்தன. 1989-ல் தமிழ்நாடு தனியாக ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு என்றது அந்தத் திருத்தம். அதற்கு முன்பே ஆந்திரா இப்படி ஒரு திருத்தம் செய்திருந்தது.

ஆனால் தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. 1989 மார்ச் 25-ந்தேதிக்கு முன்பு கல்யாணம் ஆன பெண்ணுக்கு இந்த உரிமை கிடையாது.

அதனால் ஒரே வீட்டில் வேடிக்கை நடந்தது. 1988-ல் கல்யாணம் ஆன அக்காவுக்குப் பங்கு இல்லை. 1990-ல் கல்யாணம் ஆன தங்கைக்குப் பங்கு உண்டு! ஒரே அப்பா, ஒரே அம்மா. நடுவில் ஒரு தாலி, ஒரு தேதி.

இந்த முடிச்சை அவிழ்த்தது 2005-ம் ஆண்டு மத்திய சட்டத் திருத்தம். அது செப்டம்பர் 9-ந்தேதி அமுலுக்கு வந்தது. கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ, மகள் என்றால் மகனைப்போலவே பிறப்பால் பங்காளி. வீட்டைப் பிரித்துக் கேட்கக்கூடாது என்ற பழைய முடிச்சும் போயிற்று. பங்கு மட்டும் அல்ல, குடும்பக் கடனிலும் பொறுப்பிலும் அவளுக்கு மகனைப்போலவே பாகம் உண்டு. இதைச் சிலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அப்பா உயிரோடு இருக்க வேண்டுமா?

சட்டம் வந்ததும் வக்கீல்கள் ஒரு கேள்வியைக் கிளப்பினார்கள். 2005 செப்டம்பர் 9-ந்தேதி அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா, வேண்டாமா?

2015-ம் ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில், அன்று அப்பாவும் உயிரோடு இருக்க வேண்டும், மகளும் உயிரோடு இருக்க வேண்டும் என்று சொன்னது.

2018-ம் ஆண்டு பிப்ரவரியில் அதே சுப்ரீம் கோர்ட்டு, 2001-ல் காலமான ஒருவருடைய மகள்களுக்குப் பங்கு கொடுத்தது!

இரண்டுமே இரண்டு நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பு. எது சரி? நாடு முழுவதும் கீழ்க்கோர்ட்டுகள் திண்டாடின. அண்ணனுடைய வக்கீல் ஒரு தீர்ப்பைக் காட்டினார். தங்கையின் வக்கீல் இன்னொன்றைக் காட்டினார்.

கடைசியில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். நீதிபதிகள் அருண் மிஸ்ரா, அப்துல் நசீர், எம்.ஆர்.ஷா. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந்தேதி அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அப்பா அன்று உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மகளுக்கு உரிமை வந்தது அவள் பிறந்ததால். அப்பா என்றைக்கு இறந்தார் என்பதைப் பொறுத்தது அல்ல அது. தேங்கிக் கிடக்கும் வழக்குகளை முடிந்தவரை 6 மாதத்துக்குள் முடியுங்கள் என்றும் சொன்னார்கள்.

"வாயால் பிரித்துவிட்டோம்"

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். 2004 டிசம்பர் 20-ந்தேதிக்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தாலோ, விற்றிருந்தாலோ அதைக் கிளற முடியாது. இல்லாவிட்டால் 20, 30 வருஷத்துக்கு முன் நிலம் வாங்கியவர்கள் எல்லாம் தெருவில் நிற்க வேண்டி வரும்.

இதைப் பார்த்ததும் பல அண்ணன்மார்களுக்கு ஒரு யோசனை வந்தது. "நாங்கள் 1995-லேயே பாகம் பிரித்துக்கொண்டோம். பத்திரம் எழுதவில்லை. பெரியவர்களை வைத்து வாயால் பேசி முடித்தோம்" என்று கோர்ட்டில் சொன்னார்கள்.

சுப்ரீம் கோர்ட்டு இந்த வழியையும் அடைத்தது. பதிவு செய்த பத்திரம் வேண்டும், அல்லது கோர்ட்டுத் தீர்ப்பு வேண்டும். வாய்ப்பேச்சு சாதாரணமாகச் செல்லாது. உண்மையிலேயே வாயால் பிரித்திருந்தால் அதற்கு அரசாங்க ரிக்கார்டு சாட்சி சொல்ல வேண்டும். பட்டா தனித்தனியாக மாறி இருக்கிறதா, தீர்வை தனித்தனியாகக் கட்டினார்களா என்று பார்ப்பார்கள். உறவுக்காரர் நாலு பேர் வந்து சாட்சி சொன்னால் மட்டும் போதாது.

ஒரு மரணத் தேதிக்காக 31 வருஷம்

இனி வருவது தமிழ்நாட்டு வழக்கு. படித்தால் சினிமாக் கதை மாதிரி இருக்கும்.

அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்களில் ஒருவர் 1938-ம் ஆண்டில் கோர்ட்டு ஏலத்தில் நிலம் வாங்கினார். அவருடைய சொந்தப் பணம். அவருக்கு ஒரே மகள். இன்னொரு சகோதரர் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். அந்தச் சகோதரருக்கு ஒரு மகன், நான்கு பெண்கள்.

ஏலத்தில் வாங்கியவர் இறந்தார். அவருடைய ஒரே மகளும் 1967-ல் பிள்ளை இல்லாமல் இறந்து போனாள். நிலம் யாருக்கு?

"எனக்குத்தான்" என்றது சகோதரர் மகனின் பக்கம். "பெரிய குடும்பத்தில் மிஞ்சிய ஆண் பிள்ளை நான் ஒருவன்தான்" என்பது வாதம்.

நான்கு பெண்களில் ஒருத்தி 1991-ல் கோர்ட்டுக்குப் போனாள். "எங்கள் ஐந்து பேருக்கும் சம பங்கு. எனக்கு ஐந்தில் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டாள்.

வழக்கு ஒரு தேதியில் போய் நின்றது. நிலத்தை வாங்கியவர் எப்போது இறந்தார்? 1957-ல் என்றாள் அவள். 1949-ல் என்றது எதிர்த்தரப்பு. ஏன் இந்தச் சண்டை? நடுவில் 1956-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது! 1957-ல் இறந்திருந்தால் புதுச் சட்டப்படி மகளுக்குச் சொத்து. 1949 என்றால் பழைய வழக்கம்.

அவர் இறந்தது 1949 ஏப்ரலில் என்று கீழ்க்கோர்ட்டு முடிவு செய்தது. 1994-ல் வழக்கைத் தள்ளிவிட்டது. 2009-ல் ஐகோர்ட்டும் தள்ளிவிட்டது. இதற்கிடையே வழக்குப் போட்டவளும் இறந்துவிட்டாள். அவளுடைய வாரிசுகள் விடவில்லை. டெல்லிக்குப் போனார்கள்.

2022-ம் ஆண்டு ஜனவரி 20-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் அப்துல் நசீர், கிருஷ்ண முராரி. 1949 என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அது மகளுக்குத்தான் என்றார்கள்! சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, மகன் இல்லாதவருக்கு, மகளுக்குத்தான் போகும். சகோதரர் மகனுக்குத் தாவாது. இது 1956-ல் புதிதாக வந்த சலுகை அல்ல. பழைய சாஸ்திரங்களிலும் பழைய தீர்ப்புகளிலும் இருப்பதுதான் என்று எடுத்துக் காட்டினார்கள்.

அப்படி எடுத்துக் காட்டிய பழைய தீர்ப்புகளில் ஒன்று எது தெரியுமா? நம் சிவகங்கைச் சீமை வழக்கு!

சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829-ல் காலமானார். அண்ணன் வழிப் பிள்ளைகள் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். அவருடைய மகள் காத்தம நாச்சியார் விடாமல் வழக்காடினார். கப்பல் ஏறி லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயிற்று அந்த வழக்கு. 1863-ல் தீர்ப்பு. ஜமீன் அப்பாவின் சொந்தச் சொத்து, ஆகவே மகளுக்கே உரியது என்று பிரிவி கவுன்சில் சொன்னது.

ஒரு தமிழ்ப்பெண் 1863-ல் வாங்கிய தீர்ப்பு, இன்னொரு தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு 2022-ல் கைகொடுத்தது. ஆனால் நடுவில் இருந்த 159 ஆண்டுகளில் எத்தனை பெண்கள் "பெண்ணுக்குச் சொத்து ஏது?" என்ற ஒரு சொல்லைக் கேட்டே ஒதுங்கிப் போனார்களோ!

1967-ல் இறந்த மகளுக்குப் பிள்ளை இல்லை. அப்பா வழியில் வந்த சொத்து, பிள்ளை இல்லாமல் இறந்த பெண்ணிடமிருந்து அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும் என்பது 1956-ம் ஆண்டுச் சட்டம். அதன்படி சகோதரர் மக்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. கேட்டவள் கேட்டது அதுதான். கிடைத்தபோது அவள் இல்லை.

"தாத்தா சொத்து பேரனுக்கு"

இது ஊரில் எல்லோரும் சொல்லும் சட்டம். பாதிதான் உண்மை.

தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் இருக்கிறது. 1956-க்குப் பிறகு அவர் உயில் இல்லாமல் காலமானார். அந்த நிலம் அப்பாவுக்கு வந்தது. அது அப்பாவின் தனிச் சொத்து. அவர் உயிரோடு இருக்கும்போது மகனும் கேட்க முடியாது, மகளும் கேட்க முடியாது. 1986-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு இதைச் சொல்லிவிட்டது. 1956-க்கு முன்பிருந்தே தலைமுறை தலைமுறையாகப் பிரிக்காமல் வருகிற சொத்துதான் பிறப்பால் பங்கு தரும் பூர்வீகம்.

அதேபோல, அப்பா தன் சொந்தச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். மகனுக்கு மட்டும் எழுதினால் மகள் தடுக்க முடியாது. மகளுக்கு மட்டும் எழுதினால் மகனும் தடுக்க முடியாது. ஆகவே கோர்ட்டுக்குப் போகும் முன், சொத்து எந்த வகை, உயில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் வில்லங்கச் சான்று போட்டால், பதிவான பத்திரங்கள் தெரிந்துவிடும்.

சீர் செய்தோமே!

"50 பவுன் போட்டோம். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் செய்தோம். இன்னும் என்ன பங்கு?" என்று அண்ணி கேட்பார்.

நியாயம்போலத்தான் தோன்றும். ஆனால் சீர் வேறு, பங்கு வேறு. நகை போட்டதால் நிலத்தில் உள்ள உரிமை அழியாது. அவள் தானே மனம் ஒப்பி, படித்துப் பார்த்து, விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தால்தான் அந்த உரிமை போகும். வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்து அந்த வேலையைச் செய்யாது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் ஏமாற்றியதை நிரூபிப்பது எளிது அல்ல. காலக்கெடுவும் உண்டு.

அண்ணன்மார் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நிலத்தில் வியர்வை சிந்தியவன் அவன். அப்பா அம்மாவைக் கடைசி வரை பார்த்தவனும் பல வீடுகளில் அவன்தான். அதை நினைத்துத் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற தங்கைகள் இருக்கிறார்கள். விட்டுக்கொடுக்கட்டும். ஆனால் 2 ஏக்கரை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு. பட்டா மாற்றக் கையெழுத்து என்று நம்பிப் போடுவது வேறு.

பங்கு கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு சாத்தப்படும் என்ற பயம்தான் பெண்களின் வாயைக் கட்டுகிறது. மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் வராதே, நாலு பேர் கேட்பார்களே என்று பயப்படுகிறாள். இந்தப் பயத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் மருந்து இல்லை.

சமைத்தவளுக்கும் பங்கு

மகள் கதை இது. மனைவி கதை ஒன்றும் சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தது.

கணவர் 1983 முதல் 1994 வரை சவுதி அரேபியாவில் வேலை பார்த்தார். பணம் அனுப்பினார். மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். சொத்துகள் வாங்கப்பட்டன. கணவர் திரும்பி வந்ததும் தகராறு. "எல்லாம் என் பணம், என் சொத்து" என்று 1995-ல் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே அவர் காலமானார். பிள்ளைகள் தாய்க்கு எதிராக வழக்கைத் தொடர்ந்தார்கள்!

2023-ம் ஆண்டு ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்புச் சொன்னார். கணவன் நிம்மதியாக வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்ததே மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான். சமையல்காரி, வைத்தியர், கணக்குப்பிள்ளை என்று நேரம் காலம் இல்லாமல் அவள் செய்த வேலைக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லை என்பதால் மதிப்பே இல்லை என்று ஆகிவிடாது. அப்படி வாங்கிய சொத்தில் அவளுக்கும் சரிபாதி உண்டு என்றார்.

இதில் அவசரப்பட வேண்டாம். இது ஒரு தனி நீதிபதி, ஒரு குடும்பத்தின் சாட்சியங்களைப் பார்த்துக் கொடுத்த தீர்ப்பு. மனைவிக்குப் பாதி என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் எதையும் பார்லிமெண்டு போடவில்லை. நீதிபதியே அதைச் சுட்டிக்காட்டினார்.

மற்றவர்களுக்கு?

மேலே சொன்ன வாரிசுச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியக் குடும்பங்களுக்கு உரியது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டு வாரிசுச் சட்டம். அதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனால் திருவிதாங்கூரில் பழைய சட்டத்தைக் காட்டிப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்து வந்தார்கள். மேரி ராய் என்ற அம்மையார் வழக்காடி, 1986-ல் சுப்ரீம் கோர்ட்டில் அதை மாற்றினார். முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. பழங்குடி மக்களுக்கு இந்து வாரிசுச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் பெண் வழி வாரிசு என்பதற்காகவே பங்கை மறுக்கக்கூடாது என்று 2025 ஜூலையில் சத்தீஸ்கர் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

கோர்ட்டுக்குப் போவதானால்

பாகம் கேட்டு சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தீர்ப்பு வரும். அதோடு நிலம் கைக்கு வந்துவிடாது. பிறகு கமிஷனர் என்று ஒரு வக்கீலை அனுப்புவார்கள். அவர் சர்வேயரோடு போய் அளந்து, எது எது யாருக்கு என்று அறிக்கை கொடுப்பார். அதன் பிறகுதான் இறுதித் தீர்ப்பு.

"உனக்குப் பங்கு இல்லை" என்று உங்களை ஒதுக்கியது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தள்ளிப்போடக்கூடாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? 1987-ம் ஆண்டு இலவச சட்ட உதவிச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அரசாங்கச் செலவில் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது. ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாவிட்டால் அங்கே எழுதிக் கொடுப்பார்கள். டெலிபோனில் கேட்க வேண்டுமானால் 15100.

சமாதானமாக முடித்துக்கொள்ள அண்ணனும் தங்கையும் சம்மதித்தால், அதே குழு இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து லோக் அதாலத்தில் முடித்து வைக்கும். வழக்குப் போட்ட பிறகு அங்கே முடிந்தால், கோர்ட்டில் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.